ஆபரேஷன் ஆன பூனைக்கு எந்த சாஃப்ட் காலர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதிப் பூனைகளுக்குக் கருத்தடை செய்துவைத்து, தையல் ஆறும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற சிலரில் நானும் ஒருத்தி. ஆபரேஷன் முடிந்து பூனையை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அன்று ராத்திரியே போன் செய்து கேட்பது பெரும்பாலும் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் காலரைப் பற்றித்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் பூனையை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

காலர் கட்டாயமா? நாய், பூனையெல்லாம் நக்கித்தானே புண்ணை ஆத்திக்குது?

கட்டாயம்தான். பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். தொண்டைப் பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள் நாக்கு முழுக்க இருக்கின்றன. நம் நகத்தில் இருக்கிற கெரட்டின்தான் அவற்றிலும். முடியில் சிக்கெடுக்கவும் எலும்பில் ஒட்டிய கறியைச் சுரண்டவும் அது தேவை. அதே நாக்கு தையலின் மேல் கொஞ்ச நேரம் ஓடினால் புதிதாகக் கூடிவரும் தோல் உரிந்துவிடும், முடிச்சு அவிழும், வாயில் இருக்கிற கிருமியும் உள்ளே போய்விடும்.

சண்டையில் பட்ட சின்னச் சிராய்ப்பை நக்கிக்கொள்வது வேறு. கருத்தடையில் பெட்டைப் பூனையின் வயிற்றுத் தசையையே திறந்து மூடியிருக்கிறார்கள். "வெளியில் தையலே தெரியவில்லை, உள்தையல்தான்" என்று சிலர் காலரை விட்டுவிடுகிறார்கள். உள்தையல் போட்ட இடத்தையும் பூனை விடாமல் நக்கிப் பிரித்துவிடும்.

டாக்டர் குடுத்த பிளாஸ்டிக் கோன் இருக்கே, அப்புறம் எதுக்குத் துணியில ஒண்ணு?

தடுப்பது என்று மட்டும் பார்த்தால், முகத்தைச் சுற்றிப் புனலாக நிற்கிற பிளாஸ்டிக் கோன்தான் உறுதி. ஆனால் பூனை வழி பார்ப்பதில் மீசைக்கும் காதுக்கும் பெரிய பங்கு உண்டு. பிளாஸ்டிக் விளிம்பு கதவிலும் நாற்காலிக் காலிலும் இடிக்கும்போது அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் போகிறது, மீசை எந்நேரமும் உரசுகிறது. தலையைச் சாய்த்துப் படுக்கவும் முடிவதில்லை. சில பூனைகள் ஒரே நாளில் பழகிவிடும். சில பூனைகள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் மூலையில் போய் உட்கார்ந்துவிடும்.

துணிக் காலர் மடங்கிக்கொடுக்கும், படுத்தால் தலையணையாகவும் ஆகும். எனக்கு அதில் பிடித்த விஷயம், பூனை நிம்மதியாக இருப்பதால் வீட்டில் இருப்பவர்கள் அதைக் கழட்டுவதில்லை என்பதுதான். தையல் பிரிந்துபோனதாக எனக்கு வந்த போன்களில் பெரும்பாலும் காலர் கழட்டி வைத்திருந்த நேரத்தில்தான் அது நடந்திருக்கிறது. ஆகவே உங்கள் பூனை பிளாஸ்டிக் கோனோடு சாப்பிட்டுத் தூங்கினால் மாற்றவே வேண்டாம், பணமும் மிச்சம்.

சாஃப்ட் காலர்னு தேடினா விதவிதமா வருது. எதை எடுக்கிறது?

பெயரை விடுங்கள், அமைப்பைப் பாருங்கள். கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது துணிக் கோன்: உள்ளே மெல்லிய நுரையோ வளையும் பிளாஸ்டிக் தகடோ வைத்துத் தைத்து, வெல்க்ரோவால் ஒட்டுவது. முகத்தைச் சுற்றிப் புனல் வடிவில் நிற்கும். இரண்டாவது டோனட்: கழுத்தைச் சுற்றிக் காற்றடைத்த அல்லது பஞ்சடைத்த வளையம். மூன்றாவது பூ வடிவம்: சூரியகாந்தி, அன்னாசி, தவளை என்று அழகழகாக வரும், தட்டையான பஞ்சுக் காலர்.

இவற்றில் எது சரி என்பதை முடிவு செய்வது புண் இருக்கும் இடம். பூனையின் நாக்கு அங்கே எட்டுகிறதா, எட்டவில்லையா என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். வயிறு, விலா, பின்னங்கால் என்றால் மூக்கைத் தாண்டி நீளும் துணிக் கோன் எடுங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சிலோ தோளிலோ புண் இருந்தால் தடியான டோனட் சில பூனைகளுக்குப் போதும். பூ வடிவக் காலர் படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் அகலம் போதாது. அதைக் கட்டிவிட்டு நம்பி இருக்கக் கூடாது.

வாங்கும்போது துணியைக் கையால் பிடித்து மடக்கிப் பாருங்கள். சும்மா தொங்கிப்போகிற துணி, பூனை தலையைத் திருப்பியதும் பின்பக்கம் புரண்டுவிடும். மடக்கினால் மடங்கி, விட்டால் நிமிர்கிற அளவுக்கு விறைப்பு வேண்டும். விளிம்பில் நூல் பிரிந்தோ மணி, பொத்தான் தொங்கியோ இருந்தால் வேண்டாம். பூனை அதைக் கடித்து விழுங்கும்.

எங்க பெட்டைப் பூனைக்கு வயித்துல தையல். டோனட் போட்டா போதும்னு கடைக்காரர் சொல்றாரு.

நாய்க்கு அது சரியாக இருக்கலாம். பூனையின் முதுகெலும்பு வில்லாக வளையும். பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் டோனட்டைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றையும் வால் அடியையும் தொட்டுவிடும். அடிவயிற்றுத் தையலுக்கு டோனட்டை மட்டும் நம்புவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எந்தக் காலர் வாங்கினாலும் முதல் அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனியுங்கள். நின்றால் எட்டாத இடம் ஒருக்களித்துப் படுத்தால் எட்டும். உட்கார்ந்து கால் தூக்கினால் இன்னும் எட்டும். மூன்று நிலையிலும் நாக்கு தையலைத் தொடவில்லை என்றால்தான் அந்தக் காலர் தேறியது. தொட்டுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி, டாக்டர் கொடுத்த கோனுக்குத் திரும்பிவிடுங்கள்.

அளவு எப்படி எடுக்கிறது? எஸ், எம்னு போட்டிருக்கு, ஒண்ணும் புரியலை.

அந்த எழுத்துகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு அளவு எடுங்கள். தையல்காரர் டேப் இல்லையென்றால் நூலைச் சுற்றி அடையாளம் வைத்து ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். ஒன்று, கழுத்தின் சுற்றளவு. வளர்ந்த வீட்டுப் பூனைகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. வரை வரும். இன்னொன்று, காலர் உட்காரும் இடத்திலிருந்து மூக்கு நுனி வரை உள்ள நீளம்.

கோன் கட்டினபின் அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2, 3 செ.மீ. நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நாக்கு எட்டும், ரொம்ப நீண்டால் தட்டை எட்ட முடியாது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், கழுத்துக்குப் பொருந்துகிற அளவை எடுங்கள். கழுத்தில் தொளதொளவென்று இருக்கும் கோன் எவ்வளவு நீளமானாலும் பயனில்லை.

எவ்வளவு இறுக்கமாக் கட்டணும்? கழுத்து நெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

காலருக்கும் கழுத்துக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது விரல் நுழையக் கூடாது. பயந்து தளர்த்திக் கட்டுவதில்தான் ஆபத்து அதிகம். தளர்ந்த காலரைக் கழட்டப் பார்த்து முன்னங்காலை உள்ளே விட்டுக்கொள்ளும், அது அக்குளில் மாட்டி அறுக்கும். இல்லையென்றால் கீழ்த்தாடை விளிம்பில் கொக்கி போட்டுக்கொண்டு வாயை மூட முடியாமல் தவிக்கும். இந்த இரண்டும் நடந்தால் பூனை மிரண்டு ஓடும், தையலும் இழுபடும்.

கட்டிய ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விரல் விட்டுப் பாருங்கள். கட்டும்போது பூனை கழுத்தை விறைத்து வைத்திருக்கும், அப்புறம் தளர்த்தும். தினமும் ஒருமுறை முடியை விலக்கித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

காலர் போட்டதுலேர்ந்து பின்னாடியே நடக்குது, அப்புறம் அப்படியே படுத்துக்குது. வலியா?

பெரும்பாலும் காலர்தான் காரணம். கழுத்தை எதுவோ பிடித்திருப்பதாக நினைத்து, அதிலிருந்து நழுவப் பின்னால் நடக்கும். ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும். அதற்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொஞ்சாமல், ஒரு அறையில் தனியாக, உயரமான அலமாரி, ஜன்னல் மேடை இல்லாத இடமாக விடுங்கள். காலரோடு தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியாது, தாவினால் விழும்.

ஆபரேஷன் ஆன அன்றைக்கு மட்டும் இதை வேறு மாதிரி பார்க்க வேண்டும். மயக்கம் தெளியாத பூனை தள்ளாடும், கண்மணி விரிந்திருக்கும். அது காலரால் வந்ததில்லை. அன்று தரையிலேயே படுக்கை போட்டு, கட்டில் சோபா பக்கம் விடாமல் வைத்திருங்கள். மறுநாளும் கூனிக்கொண்டு உட்கார்ந்து, தொட்டால் உறுமினால் அது வலியாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரை எதுவும் தரக் கூடாது. இதைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்கிறேன்.

சாப்பிடவே மாட்டேங்குது, அக்கா. மீன் வெச்சும் பார்த்துட்டேன்.

முதலில் தட்டைப் பாருங்கள். ஆழமான கிண்ணத்தில் கோனின் விளிம்பு முட்டும். தட்டையான சாஸரில் வைத்து, அதை ஒரு டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் வையுங்கள். சாஸர் கோனின் உள்விளிம்புக்குள் அடங்குகிற அளவாக இருந்தால் நல்லது. துணிக் கோன் என்றால் விளிம்பைக் கொஞ்சம் பின்னால் மடித்துவிட்டாலே சாப்பிடும். அதுவும் நடக்கவில்லை என்றால், எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கழட்டிவிட்டு, வாய் துடைத்ததும் கட்டிவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பூனை செய்கிற முதல் வேலை உடம்பை நக்குவதுதான், ஆகவே அந்த நேரத்தில் எழுந்து போகாதீர்கள்.

ஆபரேஷன் ஆன அன்று சாப்பிடாமல் இருப்பது சகஜம். மறுநாளும் ஒன்றும் தொடவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய நோயாக முடியும். குண்டான பூனைகளுக்கு அந்த அபாயம் அதிகம்.

மண்ணுல போய் வரும்போதெல்லாம் காலர் பூரா லிட்டர் ஒட்டிக்குது.

பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிற லிட்டர் பெட்டி மூடி போட்டதாக இருந்தால் மூடியை எடுத்துவிடுங்கள். தையல் ஆறும்வரை மண், பொடி லிட்டர் வேண்டாம். நியூஸ் பேப்பரைக் கிழித்துப் போட்டுப் பழக்கிப் பாருங்கள். கடுவன் பூனைக்கு இது இன்னும் முக்கியம், காரணம் அடுத்த பதிலில்.

எத்தனை நாள் போடணும்? கடுவனுக்கும் அதே கணக்கா?

பெட்டைப் பூனைக்குப் பொதுவாக 10 முதல் 14 நாள். வெளித்தையல் இருந்தால் அதைப் பிரிக்கும்வரை. கடுவனுக்குச் சின்னக் கீறல்தான், பெரும்பாலும் தையலே போடாமல் தானாக மூடும்படி விட்டுவிடுவார்கள். திறந்த புண் என்பதால்தான் மண் ஒட்டக் கூடாது என்றேன். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம். மேலே பார்த்து ஆறிவிட்டதாக நாமே முடிவு செய்யாமல், டாக்டர் பார்த்துச் சொன்னபிறகு கழட்டுவது நல்லது. வெளித்தோல் சீக்கிரம் கூடிவிடும், உள்ளே தசை பலம் பெற இன்னும் நாளாகும்.

பாவமா இருக்கு. ராத்திரி மட்டுமாவது கழட்டி விடலாமா?

வேண்டாம். நீங்கள் தூங்குகிற நேரத்திலும் பூனை விழித்திருக்கும். கட்டாயம் கழட்டணும் என்றால் பகலில், நீங்கள் கண்ணெடுக்காமல் பார்க்கக்கூடிய பதினைந்து நிமிஷம் கழட்டி, நெற்றி, கன்னம், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துச் சீப்பால் வாரிவிடுங்கள். அதனால் தன்னைத்தானே சுத்தம் செய்ய முடியாத தவிப்பு நன்றாகவே குறையும். பாவம் பார்ப்பதை இந்த வழியில் காட்டலாம்.

சித்திரை வெயில்ல இந்தப் பஞ்சைக் கட்டினா சூடு தாங்குமா?

நியாயமான கவலை. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மற்றபடி உடம்பை நக்கி, அந்த ஈரம் காயும்போதுதான் குளிர்ச்சி பெறுகிறது. காலர் போட்டு அந்த வழியை நாம் அடைத்துவிடுகிறோம். ஆகவே கோடையில் தடியான பஞ்சு டோனட்டைத் தவிர்த்து மெல்லிய துணிக் கோன் எடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில், தரை குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். தகரக் கூரை, மொட்டைமாடி அறை வேண்டவே வேண்டாம். நாய் மாதிரி வாய் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ரெண்டு நாள்லயே காலர் நாறுது. துவைக்கலாமா?

துவைக்கத்தான் வேண்டும். எச்சிலும் சாப்பாடும் ஊறிய துணி தாடைக்குக் கீழே தோலைப் புண்ணாக்கும். சோப்பு துளியும் தங்காமல் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைக்கவும். ஈரத்தோடு கட்டக் கூடாது. காயும்வரை போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும் என்பதால் முடிந்தால் இரண்டாக வாங்குங்கள், அல்லது அந்த நேரத்துக்குப் பிளாஸ்டிக் கோனைப் போடுங்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் காய்கிற, பஞ்சில்லாத துணியாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

வீட்டுலயே செஞ்சுக்க முடியாதா? இங்க கடையே இல்லை, ஆன்லைன்ல வர நாலு நாளாகும்.

முடியும். நம் ஊரில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் புனலாக வளைத்து, விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டிக் கோன் செய்துகொடுக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். வீட்டிலும் அதே முறையில் செய்யலாம். கழுத்தைத் தொடும் விளிம்புக்குப் பஞ்சோ மெத்தென்ற துணியோ வைத்துச் சுற்ற மறக்காதீர்கள், ஃபிலிமின் ஓரம் தோலை வெட்டும். அளவுக்கு மேலே சொன்ன கணக்குதான். காலரை நூல், கம்பி, ரப்பர் பேண்ட் வைத்துக் கட்டக் கூடாது. துணி நாடா போதும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே காலரை வாங்கி வைத்துவிட்டால் இந்த அவசரம் வராது. ஒரு வாரம் முன்பே வீட்டில் கிடந்தால் பூனை அதை மோந்து பார்த்துப் பழகியும் இருக்கும்.

காலருக்குப் பதிலா உடம்புக்குச் சட்டை மாட்டலாமா?

வயிற்றுத் தையலுக்கு இது நல்ல வழி. டி-ஷர்ட்டின் கையையோ பழைய லெக்கின்ஸின் காலையோ வெட்டி நாலு கால் ஓட்டை போட்டால் சட்டை தயார். துணி நீண்டு கொடுக்கிற பருத்தியாக இருக்கட்டும். பின்பக்கம் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக இடம் விட்டு வெட்டுங்கள். அங்கே நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரம் தையலில் படக் கூடாது.

இரண்டு குறை இருக்கிறது. சட்டை தையலை மறைத்துவிடுவதால் தினமும் தூக்கிப் பார்க்காமல் விட்டுவிடுவோம். அப்புறம் துணிக்கு மேலேயே விடாமல் நக்கி ஈரமாக்குகிற பூனைகளும் உண்டு. அப்படிப்பட்ட பூனைக்குச் சட்டையோடு காலரும் வேண்டும்.

எங்ககிட்ட ரெண்டு பூனை. காலர் போட்டதை இன்னொண்ணு நக்கிவிடுது.

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தன் நாக்குக்குத்தான் காலர் தடை, கூட இருக்கிற பூனையின் நாக்குக்கு இல்லை. தையல் ஆறும்வரை தனித்தனி அறையில் வையுங்கள். ஆஸ்பத்திரி வாசனையால் நேற்றுவரை ஒன்றாகத் தூங்கிய பூனையே சீறுவதும் உண்டு. அதற்கும் தனி அறைதான் மருந்து. இருவரின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போட்டால் வாசனை பழகி, சேர்க்கும்போது சண்டை குறையும்.

தெருப்பூனைக்குக் கருத்தடை பண்ணிட்டு காலரோட விட்டுடலாமா?

கூடவே கூடாது. காலரோடு வெளியே போனால் நாய் வருவது தெரியாது, சந்தில் மாட்டிக்கொள்ளும், மரமேறித் தப்பிக்கவும் முடியாது. வீட்டுப் பூனைக்கும் இதே விதிதான்: காலர் கழுத்தில் இருக்கும்வரை வாசற்படி தாண்டக் கூடாது.

மனிதர் கை படாத தெருப்பூனைக்குக் காலர் கட்டினால் அது மிரண்டு தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். முன்கூட்டியே டாக்டரிடம் தெருப்பூனை என்று சொல்லிவிடுங்கள். கீறல் சிறியதாக, தானாகக் கரையும் உள்தையலாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். பெரிய கூண்டில் போர்வை மூடி, அவர் சொல்லும் நாள்வரை வைத்திருந்து, தையலைப் பார்த்தபின் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

தையல் வயித்துல இல்லை, கண்ணுல. சாஃப்ட் காலர் போடலாமா?

கண், காது, முகம் என்றால் சாஃப்ட் காலரை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே எதிரி நாக்கு இல்லை, பின்னங்கால் நகம். துணியை அது எளிதாக மடக்கிவிடும். டோனட்டில் முகம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் விறைப்பான கோன்தான் சொல்வார்கள். மெத்தென்ற துணியே கண்ணில் உரசுவதற்கும் வாய்ப்பு உண்டு.

காலரையும் மீறி நக்கிடுச்சு. இப்ப என்ன பண்றது?

முதலில் வெளிச்சத்தில் தையலைப் பாருங்கள், முடிந்தால் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். லேசான சிவப்பு, தையலை ஒட்டிக் கெட்டியான மேடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், நீர் அல்லது சீழ் வடிந்தால், நாற்றம் வந்தால், ஓரங்கள் விலகினால், பூனை சோர்ந்து சாப்பாட்டை விட்டால் அன்றே காட்ட வேண்டும். ரத்தம் நிற்காமல் சொட்டினாலோ உள்ளிருந்து ஏதாவது எட்டிப் பார்த்தாலோ, சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள். தெரிந்த டாக்டர் கிடைக்காத நேரத்தில் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. எந்த நேரம் திறந்திருக்கும் என்று ஆபரேஷனுக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். மஞ்சள், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எதைத் தடவினாலும் அதை நக்குவதற்காகவே பூனை முன்னைவிட மும்முரமாகும். டெட்டால் பூனைக்கு நஞ்சு. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரை வாங்கிவிடும். தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் பூனை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

நாள் முடிஞ்சு கழட்டியாச்சு. ஆனா இன்னும் அதே இடத்தை நக்கிட்டே இருக்கு, திரும்பக் கட்டணுமா?

கழட்டிய முதல் நாள் உடம்பு முழுக்க நக்கித் தீர்ப்பது இயல்பு, விட்ட வேலையையெல்லாம் முடிக்கும். அதை விடுங்கள். ஆனால் மற்ற இடங்களை விட்டுவிட்டுத் தழும்பையே குறிவைத்து நக்கினால், அங்கே முடி உதிர்ந்தால் அல்லது தோல் ஈரமாகவே இருந்தால், கட்டிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கரையாத முடிச்சு ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டிருக்கலாம், சின்னத் தொற்றாகவும் இருக்கலாம். ஆகையால் துவைத்த காலரை இன்னும் ஒரு வாரத்துக்குக் கைக்கெட்டுகிற இடத்திலேயே வைத்திருங்கள், அடுத்த பூனைக்காகக் கேட்பவர்களுக்கு அதற்கப்புறம் கொடுக்கலாம்.